மூன்று மா ஐந்து குழி

மேலக்கட்டளை
9.1.2025

பேத்தி குந்தவைக்கு அப்பாயி எழுதுவது.

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகள் சேதி. உன் பெரியப்பா மகன் சூர்யபிரகாஷுக்குச் சிங்கப்பூரில் வேலை உயர்ந்திருக்கிறது. இப்போது அவனுக்குக் கீழே பதினொரு பேர். அவன் தங்கை ஆர்த்தி பேங்க் பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறி, கும்பகோணத்தில் ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருக்கிறாள். உன் அத்தை மகன் வெற்றிசெல்வன் போலீஸ் எஸ்.ஐ. அவன் பைக்கை விட்டு இறங்கினால் டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டிருப்பவன்கூட காலை இறக்குகிறான். அப்புறம் நீ. பன்னிரண்டாவதில் அறுநூறுக்கு ஐநூற்று எழுபத்தொன்று. இப்போது தஞ்சாவூர் கோச்சிங்கில் நூற்றெண்பது பிள்ளைகளில் மூன்றாவது. இந்த நாலு பேரையும் வரிசையாகச் சொல்லாமல் நான் யாரிடமும் பேச்சை முடிப்பதில்லை.

போன வருஷம் நீட்டில் உனக்கு மார்க் பற்றாமல் போனது வெளியே தெரியாது. காய்ச்சல், எழுதவே போகவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை தருகிற பத்து நிமிஷப் போனில் பாதி என் காதில் விழுவதில்லை, மீதியை உன் அம்மா பேசிவிடுகிறாள். அதனால் கடிதம் போடு. என் கையெழுத்தைப் பார். அஞ்சாவது படித்தவள் கையெழுத்தா இது? எங்கப்பா மட்டும் என்னை அதோடு நிறுத்தாமல் இருந்திருந்தால் இந்நேரம் கலெக்டராக இருந்து ரிட்டயர் ஆகியிருப்பேன். அவங்க நிறுத்திய இடத்திலிருந்து நீ போகணும்.

எதிர்வீட்டு எல்லையம்மா நேற்று, "என்னக்கா, பேத்தி இந்த வருசமாவது டாக்டராயிடுவாளா?" என்றாள். "அதென்னாடி இந்த வருசமாவது? மூணாவது ராங்க்கு. ஒன் பேரனுக்கு மூணு வரைக்கும் எண்ணத் தெரியுமா?" என்றேன். உள்ளே போய்விட்டாள். அவள் மறுபடி வாய் திறக்கும்படி வைத்துவிடாதே.

பிரகதாம்பாள்

*

தஞ்சாவூர்
19.1.2025

அன்புள்ள அப்பாயி,

பொங்கலுக்கு வர முடியவில்லை. அன்றைக்கும் டெஸ்ட். ஹாஸ்டலில் சர்க்கரைப் பொங்கல் போட்டார்கள், முந்திரி இல்லை.

ஒவ்வொரு ஞாயிறும் டெஸ்ட், திங்கள் காலையில் போர்டில் ராங்க் ஒட்டுவார்கள். அந்த வரிசைப்படிதான் வகுப்பில் உட்கார வேண்டும். இந்த வாரம் நான் ஏழு. இன்னும் முதல் பெஞ்சுதான். ஆனால் ஓரத்துக்கு வந்துவிட்டேன்.

என் அறையில் நுஸைபா என்று ஒருத்தி இருக்கிறாள். கூத்தாநல்லூர். ராங்க் நூற்று முப்பத்தெட்டு. பின்பக்கத்துப் பெஞ்சிலிருந்து கையைத் தூக்கி, "சார், திரும்பச் சொல்லுங்க, புரியல" என்பாள். பிசிக்ஸ் எடுக்கிற பரிதி சார், "எதும்மா புரியல?" என்று கேட்டால், "மொதல்லேர்ந்து சார்" என்பாள். வகுப்பே சிரிக்கும். போன வாரம் அவள் கேட்டது எனக்கும் புரியாத இடம்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ராங்க்கை யாரிடமும் சொல்லாதீர்கள், அப்பாயி. கெஞ்சிக் கேட்கிறேன்.

குந்தவை

*

மேலக்கட்டளை
27.1.2025

குந்தவை,

ஏழா? மூன்று எப்படி ஏழாகும்? இடையில் புகுந்த நாலு பேர் யார்? அவர்கள் சாப்பிடுகிற சோற்றைத்தானே நீயும் சாப்பிடுகிறாய்?

எல்லையம்மாவிடம் இன்னும் மூன்று என்றுதான் இருக்கிறது. நீ திரும்ப மூன்றுக்கு வந்துவிட்டால் என் சொல்லும் பொய்யாகாது. அந்தக் கூத்தாநல்லூர்ப் பெண்ணோடு அதிகம் சேராதே. நாலு பேர் நடுவில் எழுந்து நின்று, எனக்குத் தெரியவில்லை என்று சொல்கிறவளுக்கு மானம் இல்லை. உனக்கு ஏதாவது தெரியாவிட்டால் அதை வெளியே காட்டிக்கொள்ளாதே. நான் அப்படித்தான். கிராமப் பள்ளிக்கூடத்தில் அஞ்சு வருஷமும் முதல் ஆளாக இருந்தேன், ஒருநாளும் வாத்தியாரிடம் சந்தேகம் கேட்டதில்லை.

சம்பா அறுப்பு நடக்கிறது. மெஷின்காரனிடமும் உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்.

பிரகதாம்பாள்

*

தஞ்சாவூர்
16.2.2025

அன்புள்ள அப்பாயி,

இருபத்தாறு. நான்காவது பெஞ்சு. மற்றவர்களிடம் சொல்லும் முன் நீங்களாவது முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் மூன்றாவது வந்த கதை இது. தப்பாக எழுதினால் ஒரு மார்க் போகும். அதனால் தெரியாத கேள்வியை நான் தொடவே மாட்டேன். பயாலஜி மனப்பாடம், அது முழுசும் வரும். பிசிக்ஸில் நாற்பத்தைந்து கேள்வி என்றால் இருபதை அப்படியே விட்டுவிடுவேன். ஆரம்பத்தில் எல்லோரும் தப்பும் தவறுமாக எழுதி மார்க்கை இழந்தார்கள், நான் மேலே இருந்தேன். இப்போது அவர்களுக்கு அந்த இருபதும் வர ஆரம்பித்துவிட்டது. எனக்கு இங்கே சேர்ந்த ஜூலையில் என்ன தெரியுமோ அதுதான் இன்றைக்கும் தெரியும். அவர்கள் படித்துக்கொண்டிருந்தபோது நான் என் இடத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

சாரிடம் போய்க் கேட்கலாம். ஆனால் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் இதைப் போய்க் கேட்டால், இவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று ஆகிவிடும். டெஸ்டுக்கு முந்தின நாள் கை வேர்க்கிறது.

நுஸைபா எழுபத்தொன்றுக்கு வந்துவிட்டாள். இன்னும் "மொதல்லேர்ந்து சார்" என்றுதான் கேட்கிறாள். இப்போது யாரும் சிரிப்பதில்லை.

குந்தவை

*

மேலக்கட்டளை
3.3.2025

குந்தவை,

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். தெரிந்ததை மட்டும் எழுதி மூன்றாவது வந்தாய் என்றால் அது கெட்டிக்காரத்தனம், அதற்குப் போய் ஏன் அழுகிறாய்? கை வேர்த்தால் கைக்குட்டை வைத்துக்கொள்.

உனக்குத் தைரியம் வருவதற்காக இங்கே ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறேன். பங்குனித் திருவிழா வருகிறது இல்லையா? ஊருக்கு வரும்போது பஸ்ஸை விட்டு இறங்குகிற இடத்திலேயே பார்ப்பாய். இப்போது சொல்ல மாட்டேன். உன் அம்மா வேண்டாம் என்றாள், அவளுக்கு என்ன தெரியும்?

பிரகதாம்பாள்

*

தஞ்சாவூர்
24.3.2025

அப்பாயி,

நீங்கள் செய்த காரியத்தைப் பார்த்துவிட்டேன்.

நுஸைபாவின் அம்மா மெஹராஜ் பேகம் குடவாசலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். வழியில் நம் ஊர் பஸ் நிறுத்தத்தில் என் முகம் இருக்கிற ஃப்ளெக்ஸைப் பார்த்து, சந்தோஷத்தில் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து, நேற்று ஹாஸ்டல் பார்வையாளர் ஹாலில் எல்லோரும் இருக்கும்போது காட்டினார். "புள்ள, சொல்லவே இல்லியேம்மா! பத்தடி ஒசரத்துக்கு வச்சிருக்காங்க!"

'எங்கள் குலவிளக்கு டாக்டர் குந்தவை எம்.பி.பி.எஸ். அம்மன் அருளால் வருக வருக.' தலை மட்டும் என்னுடையது. ஆர்த்தி அக்கா கல்யாணத்தில் எடுத்தது, மல்லிகைப்பூவும் நெற்றிச்சுட்டியும் அப்படியே இருக்கின்றன. கழுத்துக்குக் கீழே யாரோ ஒருத்தியின் உடம்பு. வெள்ளைக் கோட்டு, ஸ்டெதாஸ்கோப், என் நிறத்துக்குச் சம்பந்தமே இல்லாத கை. இன்னும் பரீட்சையே நடக்கவில்லை, அப்பாயி!

ராத்திரிச் சாப்பாட்டு வரிசையில் ஒருத்தி, "டாக்டரம்மா, எனக்கு ரெண்டு நாளா வயித்து வலி, பார்த்துச் சொல்றீங்களா?" என்றாள். இன்று ஒட்டிய ராங்க் நாற்பத்து நான்கு.

அதனால் முடிவு பண்ணிவிட்டேன். மே நாலாம் தேதி நான் நீட் எழுதப் போவதில்லை. எழுதினால் தோற்பேன். எழுதாவிட்டால் போன வருஷம் மாதிரி எனக்குக் காய்ச்சல் என்று நீங்களே சொல்லிக்கொள்ளலாம்.

உங்கள் வரிசையில் நாலாவது ஆளாக நிற்க எனக்கு இஷ்டமில்லை. உங்களை அஞ்சாவதோடு நிறுத்தியது கொள்ளுத்தாத்தா. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? உங்களுக்குப் பதிலாக என்னால் படிக்க முடியாது.

குந்தவை

*

மேலக்கட்டளை
28.3.2025

பரீட்சை எழுதாமல் இந்த வீட்டுக்குள் காலை வைக்காதே. ஊர் முழுக்கச் சொன்னபிறகு நான் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவேன்? படிக்க வைக்கிறோம் என்று நாலு பேர் நிற்கும்போதே உனக்கு இவ்வளவு திமிர். எனக்கு ஒருத்தர் இருந்திருந்தால் போதும்.

பிரகதாம்பாள்

*

மேலக்கட்டளை
14.4.2025

குந்தவை,

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து எழுத்து இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் போனிலும் உன் அம்மாவிடம் மட்டும் பேசியிருக்கிறாய். இந்தக் கடிதத்தில் பிள்ளைகள் சேதி கிடையாது. என் சேதி மட்டும்தான்.

போன வியாழக்கிழமை சாலையில் உளுந்து காயப்போட்டிருந்தோம். மத்தியானம் திடீரென்று மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. மூட தார்ப்பாய் பற்றவில்லை. நான் கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய் உன் ஃப்ளெக்ஸின் கயிற்றை அறுத்தேன். டீக்கடைக்காரர், "ஆயா, ஆயா, டாக்டரம்மா படம்!" என்று ஓடிவந்தார். "இன்னும் டாக்டர் ஆவலப்பா, ஒரு பக்கம் புடி" என்றேன். இரண்டு பேருமாக இழுத்து வந்து உளுந்தை மூடினோம். எல்லையம்மா தன் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மழை விடும்வரை அதன் ஓரத்தை மிதித்துக்கொண்டு நனைந்தபடி நின்றேன். உளுந்தைக் காப்பாற்ற அதை அறுத்தது பாதிதான். அந்தப் படம் அங்கே நிற்பதை அதற்கு முன்பே என்னால் பார்க்க முடியாமல் போய்விட்டது, மழை ஒரு சாக்கு. ஏன் என்று சொல்கிறேன். இதை உன் தாத்தாவிடம்கூட நான் சொன்னதில்லை.

எங்கப்பா சிங்காரவேலு என் படிப்பை நிறுத்தவில்லை.

நான் ஆறாவதுக்குப் போனேன். குடவாசலில், மூன்று மாசம். தினமும் இரண்டு மைல் அவங்களே சைக்கிளில் கொண்டுபோய் விடுவாங்க. கிராமப் பள்ளிக்கூடத்தில் நான் முதல் ஆள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே மிதிப்பாங்க. அங்கே போனால் கணக்கில் தசமம் என்று ஒன்று, நடுவில் புள்ளி வைத்து எழுதுவது. எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. முதல் ஆளாக இருந்தவள் எப்படிக் கேட்பது? முதல் பரீட்சையில் நாற்பத்தொரு பேரில் முப்பத்து நான்காவது. கணக்கில் இருபத்திரண்டு மார்க்.

அந்த மார்க் அட்டையில் அப்பா கையெழுத்து போடணும். நான் அதைப் பத்தாயத்தில் நெல்லுக்கு அடியில் சொருகினேன். அன்று சாயங்காலம் அப்பாவிடம் போய், "பையனுங்க வழியில கேலி பண்றாங்கப்பா, பக்கத்துலயே உக்கார வக்கிறாங்க" என்று அழுதேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. அப்படிச் சொன்னால் அவங்களே நிறுத்திவிடுவாங்க என்று எனக்குத் தெரியும். பதினோரு வயசில் எனக்கு அந்தப் புத்தி இருந்தது. "வேணாம் தாயி, நீ போவ வேணாம்" என்று சொல்லிவிட்டு வயல் பக்கம் போனாங்க. சைக்கிளை எடுக்காமல் நடந்தே போனாங்க.

அவங்க கடைசியாகப் படுத்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னப் படிக்க வக்காம விட்டுட்டேன் தாயி, மனசுல வச்சுக்காத" என்றாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்லப்பா" என்றேன். நான் அவங்களை மன்னித்தேன், குந்தவை. அந்தப் பொய்யோடு அவங்களை அனுப்பிவைத்தேன்.

நான் படித்தது முதலாவதாக இருப்பதற்காக. அது போனதும் படிப்பில் எனக்கு வேறு வேலை இருப்பதாகவே தோன்றவில்லை. உன் பிப்ரவரிக் கடிதம் வந்தபோதே எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கும். போன கடிதத்தைக் கிழித்துப் போடு.

அப்பாயி

*

தஞ்சாவூர்
19.4.2025

அப்பாயி,

படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அறுபது வருஷமாக ஒருத்தர் பேரில் பழி, அவர் செத்தபிறகும். என் அப்பாவும், பெரியப்பாவும், நாங்களும் அவரைத் திட்டியே வளர்ந்தோம். அவர் படத்துக்குப் பொட்டு வைக்கும்போதுகூட நான் முணுமுணுத்திருக்கிறேன்.

கடிதத்தை நுஸைபாவிடம் காட்டினேன், மன்னியுங்கள். அவள் படித்து முடித்துவிட்டு, "அது சரி, தசமம் இப்பவாவது தெரியுமா அவங்களுக்கு?" என்று கேட்டாள்.

தெரியுமா? தெரியாது என்றால் இதைப் படியுங்கள். நூறு குழி ஒரு மா, இது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். புள்ளிக்கு முன்னால் மா, பின்னால் குழி, அவ்வளவுதான். நம் வாய்க்காலோர வயல் மூன்று மா இருபத்தைந்து குழி. அதை 3.25 என்று எழுத வேண்டும். கீழே பத்து கணக்கு வைத்திருக்கிறேன். போட்டு அனுப்புங்கள்.

பரீட்சையைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். ஹால் டிக்கெட் வரும். போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை. ஒரு வேலை மட்டும் செய்துகொண்டிருக்கிறேன். "இதுவரைக்கும் நீ விட்டதையெல்லாம் வெட்டி ஒட்டுடி, எவ்ளோ இருக்குன்னாவது பாப்போம்" என்று நுஸைபா கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தாள். எல்லா டெஸ்டுகளிலுமாக, திரும்பத் திரும்ப வந்ததைக் கழித்து, நானூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். தினமும் அதில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு பரிதி சாரிடம் போகிறோம். முதல் நாள் அவர், "எங்கம்மா இருந்தே இவ்வளவு நாளா?" என்றார். "முதல் பெஞ்சுல சார்" என்றேன்.

குந்தவை

*

மேலக்கட்டளை
24.4.2025

குந்தவை,

பத்தும் போட்டுவிட்டேன், இதோடு வைத்திருக்கிறேன். ஒரு முழு நாள் ஆனது. உன் அம்மா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள், விரட்டிவிட்டேன். அப்புறம் நானே கூப்பிட்டு, எதை எந்தப் பக்கம் எழுதுவது என்று கேட்டேன். மருமகளிடம் நான் கேட்ட முதல் சந்தேகம். அவளுக்கும் சரியாகத் தெரியவில்லை.

ஏழாவது கணக்கு, மூன்று மா ஐந்து குழி. 3.5 என்று எழுதியிருக்கிறேன். சரியில்லை என்று மனசுக்குப் படுகிறது. எங்கே தப்பு என்று தெரியவில்லை. ஆனாலும் விடவில்லை.

வேறு எதையும் நான் கேட்கவில்லை. பார்த்துக்கொள், கேட்கவே இல்லை. நாள்காட்டியில் மே நாலை மட்டும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் தப்பு என்றால் அதையும் நிறுத்திவிடுகிறேன்.

அப்பாயி

*

தஞ்சாவூர்
5.5.2025

அன்புள்ள அப்பாயி,

எழுதிவிட்டேன்.

முதலில் உங்கள் தாள். பத்துக்கு ஆறு. தப்பான நாலும் ஒரே தப்பு. ஐந்து குழி என்பது நூறில் ஐந்து, அதனால் புள்ளிக்குப் பின்னால் ஒரு பூஜ்யம் வேண்டும்: 3.05. நீங்கள் எழுதிய 3.5 என்றால் மூன்று மா ஐம்பது குழி. சத்தமில்லாமல் நாற்பத்தைந்து குழி நிலத்தைச் சேர்த்து எழுதிக்கொண்டீர்கள்.

'ஆனாலும் விடவில்லை' என்று எழுதியிருந்தீர்களே, அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முடிவு பண்ணினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நாலாம் தேதி காலையில் நுஸைபாவோடு பஸ்ஸில் ஏறிவிட்டேன், அவ்வளவுதான்.

பிசிக்ஸ் ரொம்பக் கடினம். வெளியே வந்தவர்களில் பாதிப் பேர் அழுதார்கள். இந்த முறையும் சில கேள்விகளை விட்டேன், நேரம் போதவில்லை. பயந்து ஒன்றையும் விடவில்லை. ஒரு கேள்வி, நான் வெட்டி ஒட்டிய நானூற்றுப் பன்னிரண்டில் இருந்த மாதிரியே, கப்பியில் கயிறு போட்டு இரண்டு எடையைத் தொங்கவிடுவது. நாலு மாசம் முன்னால் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பியிருப்பேன். நேற்று அதைப் போடும்போது என் கை வேர்க்கவில்லை. அதைப் பாதி போட்டபிறகுதான் கவனித்தேன்.

மெடிக்கல் சீட் கிடைக்குமா என்று தெரியாது. கிடைக்காமல் போகலாம், அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மே கடைசியில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு ஒன்று இருக்கிறது, அதையும் எழுதுகிறேன். அதுவரை ஹாஸ்டலில்தான்.

இன்னும் பத்து கணக்கு வைத்திருக்கிறேன். இந்த முறை கூட்டல்.

குந்தவை

*

மேலக்கட்டளை
12.5.2025

என் தங்கம் குந்தவைக்கு அப்பாயி எழுதுவது.

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகள் சேதி. சூர்யபிரகாஷ் சிங்கப்பூரில் கார் லைசென்ஸ் பரீட்சையில் மூன்று தடவை தவறினவன். ஆர்த்தி பேங்க் பரீட்சையில் தேறியது முதல் தடவையில் இல்லை, மூன்றாவதில். முதல் இரண்டையும் நான்தான் முழுங்கினேன். வெற்றிசெல்வன் போலீஸ் ஓட்டத்தில் தவறி, ஒரு வருஷம் விடியற்காலையில் வாய்க்கால் கரையில் ஓடினான். எல்லையம்மா கேட்டபோது பால் வாங்கப் போகிறான் என்றேன். வாங்கின பால் எங்கே என்று அவள் கேட்கவில்லை, நல்லவள். அப்புறம் நீ. போன வருஷம் உனக்குக் காய்ச்சல் இல்லை.

இதையெல்லாம் நேற்று அவளிடம் உட்கார்ந்து சொன்னேன். கடைசியில் எங்கப்பா விஷயத்தையும் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடிப்பாவி அக்கா" என்றாள். அப்புறம், "பேத்திக்குக் கெடச்சிருமா?" என்று கேட்டாள். "தெரியலடி" என்றேன். அந்த வார்த்தையை அவளிடம் சொல்ல எனக்கு எழுபத்திரண்டு வயசாகியிருக்கிறது. சொன்னபிறகும் ரெண்டு பேரும் உளுந்து புடைத்துக்கொண்டுதான் இருந்தோம்.

கூட்டல் கணக்கு இதோடு இருக்கிறது. ஒன்பது சரி என்று நினைக்கிறேன். பத்தாவதில் புள்ளிக்கு நேராகப் புள்ளி வரவில்லை, ஏன் என்று விளக்கமாக எழுது. முதலிலிருந்து எழுது.

ஃப்ளெக்ஸ் வைக்கோல் போர் மேல் கிடக்கிறது. எங்கப்பா படத்தைக் கழற்றித் துடைத்து, புதுக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு ஆணியும் அடித்துவிட்டேன், சும்மா இருக்கிறது. அதனால் புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. ஸ்டூடியோவுக்குப் போகாதே, கோட்டு மாட்டாதே. அந்த நுஸைபாவையும் பக்கத்தில் நிறுத்திக்கொள். நீங்கள் வெட்டி ஒட்டிய நோட்டு கையில் இருக்கட்டும். தலையும் உடம்பும் கையும் எல்லாம் உன்னுடையதாக இருக்கும்படி, முழுசாக ஒரு படம் அனுப்பு.

அப்பாயி